காய்ச்சியவள் எங்கே?

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டில் ஒரு ஜாடி இஞ்சி வைன் இருக்கும். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. விருத்தாசலத்தில் அம்மா வேலை பார்த்த செராமிக் பட்டறையில் உடன் வேலை செய்த ஓர் அக்கா கற்றுக்கொடுத்த பானம் அது. கார்த்திகை தீபம் வரைக்கும் அந்தப் பெண்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அச்சில் ஊற்றிய விளக்குகளை எடுத்துப் பிசிறு சீவி, ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, வண்ணம் தீட்டிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். தீபம் முடிந்ததும் கை ஓயும். அப்போதுதான் அக்கா இஞ்சி வாங்குவார்.

செய்முறை இதுதான். நூறு கிராம் இஞ்சியைத் தோல் சீவி நசுக்க வேண்டும். இரண்டு விரல் நீளப் பட்டை, ஆறு கிராம்பு, நாலு ஏலக்காய், மூன்று காய்ந்த மிளகாய் சேர்த்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். முக்கால் கிலோ சர்க்கரையில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து, செம்பழுப்பாகும் வரை கருக்கிச் சேர்த்தால் வைனின் நிறம் வரும். மீதிச் சர்க்கரையைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஆறிய பிறகு நாலு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். குடிக்கும்போது சம அளவு தண்ணீர் கலக்கலாம்.

எந்தப் பாத்திரத்தில் ஊற்றிவைப்பது என்பதில்தான் அக்கா கண்டிப்பாக இருப்பார். "விளக்குக்கு அடிக்கிற கிளேஸ் வேற, வாய்க்குள்ள போறதுக்கு அடிக்கிறது வேற பாப்பா. அழகா இருக்குன்னு எதுலயும் ஊத்திடாத." ஈயம் கலந்த கிளேஸில் எலுமிச்சைப் புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து பானத்தில் இறங்கும். இதை நான் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் புத்தகத்தில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டாத அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"ஒரு வாரத்துக்குள்ள குடிச்சிடணும், வெச்சிருந்தா புளிச்சிடும்" என்பதையும் அவர் மறக்காமல் சொல்வார். புளிப்பதை ஏன் இவ்வளவு பயத்தோடு சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இனிப்பு நீர் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும் இடத்தில்தான் சாராயச் சட்டமும் தொடங்குகிறது. அந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால், பெண்களின் வரலாற்றில் விடுபட்டுப்போன ஒரு பக்கம் கிடைக்கிறது.

சங்க இலக்கியத்தில் மது என்றவுடன் நாம் பெருமையோடு நினைப்பது ஔவையை. அதியமான் இறந்தபின் அவர் பாடிய புறநானூற்றுப் பாடலில், கள் சிறிதளவே இருந்தால் தனக்குக் கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் தான் பாட அவனும் சேர்ந்து அருந்துவான் என்று நினைவுகூர்கிறார். அரசனோடு சமமாக அமர்ந்து குடித்த பெண் நமக்கு ஔவையில் கிடைத்துவிட்டாள். அந்தக் கள்ளைக் காய்ச்சியவள் யார் என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மது செய்யும் முறையே இருக்கிறது. வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தைச் சொல்லும் பகுதி அது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆறவைத்து, அடையைப் பிசைந்து கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலுவான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அந்த அடை முளைத்த தானியத்தை இடித்துச் செய்தது என்று பொருள் கொள்ளலாம். இன்றைக்குப் பீர் செய்கிறவர்களும் தானியத்தை முளைக்கவைத்துத்தான் தொடங்குகிறார்கள். வீட்டில் சமைத்த இந்த அரிசி மதுவுக்குத் தோப்பி என்று பெயர். இங்கே அரிசி உண்டு, தட்டு உண்டு, சாடி உண்டு, எத்தனை நாள் என்ற கணக்கும் உண்டு. துழாவியவள் மட்டும் இல்லை. வினைகள் எல்லாம் எழுவாய் இல்லாமல் நடக்கின்றன.

அவள் அதே பாட்டில் சற்றுத் தள்ளி, கடற்கரைப் பட்டினத்தைச் சொல்லும் இடத்தில் வருகிறாள். கள் சமைக்கும் பெண்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது, அந்தச் சேற்றில் பன்றிகள் புரள்கின்றன என்கிறார் புலவர். பெண்கள்தான் கள் சமைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் காய்ச்சியவள் இலக்கியத்துக்குள் நுழைவது கழுவிய தண்ணீரின் வழியாக.

வெளிநாட்டு மதுவிலும் இதுதான் கதை. நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் வளையணிந்த மகளிர் ஊற்றித் தர, பாண்டியன் நன்மாறன் அருந்துகிறான். நம் பக்கத்து அரிக்கமேட்டில், 1945 அகழாய்வில், அந்த மது வந்த இரட்டைப் பிடி ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ரோமானியர்களோ மிளகும் தேனும் கலந்த வைனை விரும்பிக் குடித்தார்கள். அபிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலின் முதல் குறிப்பே அதுதான். அதில் விழும் மிளகு இந்தியாவிலிருந்து போனது. மிளகு போன வழி தெரியும், ஜாடி வந்த வழி தெரியும். ஊற்றிக்கொடுத்த கைகளைப் பற்றி அவற்றின் வளையல்தான் தெரியும்.

பின்னால் வந்த ஆவணங்களில் பெண் இன்னும் சுருங்குகிறாள். 1886ஆம் ஆண்டின் மதராஸ் ஆப்காரிச் சட்டத்தில், மது என்பது அரசுக்கு வரும் வரி. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். சாடி இருந்த இடம் வீடு, உரிமம் போன இடம் குத்தகைக்காரரின் கை. அடுத்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தி, 1974இல் மீண்டும் கொண்டுவந்து, 1981இல் மறுபடி கடை திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. வீட்டில் காய்ச்சுவது குற்றமாகவே நின்றது. கடையில் விற்பது அரசின் தொழிலானது.

இந்த வரலாற்றில் பெண்களுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, குடிகாரனின் மனைவி. மற்றொன்று, மறியல் செய்பவள். இரண்டும் உண்மை. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் நடத்திய விதம் காந்தியையே வியக்கவைத்தது. மதுக்கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காரும் பெண்களின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதனால் தோப்பிக்காலத்துக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்வது வேறு. பாதிக்கப்பட்டவள், எதிர்த்தவள் என்ற இரண்டு இடங்களுக்கு முன்னால் மூன்றாவதாக ஓர் இடம் இருந்தது. எவ்வளவு நாள் புளிக்கவேண்டும், எப்போது வாடை போகும், எந்தப் பாத்திரம் ஆகும், எது ஆகாது என்று அறிந்தவளின் இடம் அது. கருணாபுரத்தில் விற்ற பாக்கெட்டில் என்ன இருந்தது என்று குடித்தவருக்குத் தெரியாது. செய்கிறவளே பரிமாறுகிற வீட்டில் அந்த அறியாமைக்கு அதிக இடமில்லை. அந்த அறிவைப் பிடுங்கியதை நாம் இழப்பாக எழுதவே இல்லை.

இஞ்சி வைன் எனக்கு முக்கியமாவது இங்கேதான். இங்கிலாந்தில் அது உண்மையான வைன். லண்டனில் 1740 முதல் விற்கிறார்கள். பிறகு அங்கே மதுவை விலக்கியவர்கள் சாராயம் சேராத இஞ்சிப் பானத்தையும் அதே பெயரில் குடித்தார்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சுவது பெரும்பாலும் இந்தச் சாராயமில்லாத வகைதான். புளிக்கவைப்பது போய்விட்டது. பட்டையும் கிராம்பும் இஞ்சியின் காரமும் பண்டிகையும் நின்றுவிட்டன. ராமநவமிக்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம் வைக்கிற என் பாட்டிக்கு, அக்காவின் ஜாடி அந்நியமாகத் தெரியவில்லை. "நம்ம பானகந்தான், கொஞ்சம் கோபமா இருக்கு" என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டார்.

அக்கா இப்போது பட்டறைக்குப் போவதில்லை, முட்டி வலி. போன டிசம்பரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் காய்ச்சினேன். சர்க்கரை கருகும் நேரத்தைப் புகையின் வாசனை வைத்தே சொன்னார். வடிகட்டி முடித்ததும் என் நோட்டில் செய்முறையை எழுதினேன். "அரிசி எடுத்து, களி துழாவி" என்று போகும் அந்தப் பழைய பாட்டு நினைவுக்கு வந்தது. நோட்டில் மேலே, இஞ்சியின் அளவுக்கும் முன்னால், அக்காவின் முழுப்பெயரை எழுதினேன். எட்டிப் பார்த்தவர், "என் பேரு எதுக்கு அங்க?" என்றார்.

"நீங்கதானே காய்ச்சினது" என்றேன்.