பாகவதரை விடுவித்தது யார்?



நான் கேமரன் மலை, கோலா தெர்லாவில் இருந்து வருகிறேன். எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் பழைய பாட்டு ஒன்று ஒலித்தால் போதும், யாராவது ஒரு பெரியவர் தொடங்கிவிடுவார்: "பாகவதர் கொலைக் கேஸில் உள்ளே போனார், சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரன் விட்டுவிட்டான்." கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் தந்தையும் அப்படித்தான் சொல்வார். அது தவறு. கருணையால் விட்டார்கள் என்றால் அவர் குற்றவாளி என்றல்லவா ஆகிவிடும்?

நடந்தது இதுதான். 1944 நவம்பர் 8-ஆம் நாள், சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகையாளர் சி.என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்தவர் அவர். அவருடைய 'சினிமா தூது' பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்யும்படி பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். உரிமம் போயிற்று. அவரோ 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடியும் எழுதத் தொடங்கினார். இந்தப் பகைதான் கொலைக்குக் காரணம் என்றது போலீஸ். டிசம்பரில் கைது. அப்போது சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது, நாயகனோ சிறையில்!

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் குத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பதுதான் வழக்கு. சதிக்கு ஏது கண்கண்ட சாட்சி? நான்கு சுவருக்குள் பேசியதை உள்ளே இருந்தவன்தான் சொல்ல முடியும். அவனும் குற்றவாளியே; தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்ரூவர் ஆகிறவன். அவன் பேச்சை மட்டும் வைத்துத் தண்டிக்கக்கூடாது என்று அன்றைய சாட்சியச் சட்டம் தடை போடவில்லை. ஆனால் முக்கிய விவரங்களில் வேறு சான்று துணை நிற்காவிட்டால் அவன் நம்பத்தகாதவன் என்று கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. நம் மலேசியச் சட்டத்திலும் இவை 133, 114 என்ற அதே எண்களில்தான் இருக்கின்றன. கொலைக்கு 302, சதிக்கு 120பி என்பதும் அங்கிருந்து வந்தவையே.

1945 மே 3-ஆம் நாள் ஜூரிகள் பெரும்பான்மையாகக் குற்றவாளிகள் என்றார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் முழுக்க நாடு கடத்தல் தண்டனை. (அந்தமான் அப்போது ஜப்பானியர் கையில். எங்கே கடத்துவது?)

1943-க்கு முன்பென்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். உயர்நீதிமன்றத்தில் ஜூரியோடு நடக்கும் கொலை வழக்கில், சாட்சியத்தின் தராதரத்தைக் காட்டி மேல்முறையீடு செய்ய அதுவரை வழியில்லை. அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தம்தான் கதவைத் திறந்தது. ஆனாலும் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அது இவர்களை விடுதலை செய்துவிடவில்லை. மீண்டும் விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. அங்கே வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதாடினார். சதியை மெய்ப்பிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிபதிகள் இருவரையும் விடுதலை செய்தார்கள். 1947 ஏப்ரல் 25-இல் வெளியே வந்தார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது!

எங்கள் பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. தீர்ப்பு வந்த நாளில் மலாயாவும் ஜப்பானியர் பிடியில்தான் இருந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் போன காலத்தில் சென்னைச் செய்தி தோட்டத்துக்கு எப்படி வரும்? போர் முடிந்தபின் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்து குழம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

கலைவாணர் சிறையில் இருந்தபோது மதுரம் அம்மையாரும் நண்பர்களும் 'பைத்தியக்காரன்' படம் எடுத்தார்கள். அவர் மீண்டும் சிரிக்க வைத்தார். பாகவதர் மீளவில்லை. 1948-இல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் நாள் மறைந்தார். தீர்ப்பு அவரைக் குற்றமற்றவர் என்றது. அந்த இரண்டரை ஆண்டை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை.

விடுதலைத் தேதியைத் தந்தையிடம் சொன்னேன். "ஏப்ரலா? ஆகஸ்டு இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "அப்படியானால் அவர் செய்யவில்லை" என்றார்.