வாயிலோடு நின்ற முத்திரை

மாட்டுங்காவின் பழைய குடியிருப்பொன்றில், வாயிற்காவலர் முத்திரையிட்ட கடிதத்தைப் பிரித்துத் திறந்த தாளாக மாடிக்கு அனுப்பினால் ஏற்போமா? இணையத்தளங்கள் பல நெடுங்காலம் அவ்வாறே இயங்கின. முன்நிற்கும் ரிவர்ஸ் பிராக்ஸி மறைகுறியாக்கத்தை அவிழ்க்கும். பின்னுள்ள சேவையகங்களுக்குச் செய்தி வெளிப்படையாகச் செல்லும். உள்வழி நம்முடையது என்ற நம்பிக்கையே காரணம்.

2013 அக்டோபரில் அந்நம்பிக்கை தகர்ந்தது. கூகுள், யாகூ தரவு மையங்களை இணைத்த தனிவடங்களில் அமெரிக்க, பிரித்தானிய உளவமைப்புகள் ஒட்டுக்கேட்டதை ஸ்னோடன் ஆவணங்கள் காட்டின. மறைகுறியாக்கம் அவிழும் இடத்தைச் சுட்டிய வரைபடத்தில் ஒரு சிரிப்புக்குறியும் இருந்தது.

பின்சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்க்கும் வசதி, என்ஜின்எக்ஸ் மென்பொருளின் 1.7.0 பதிப்பில் 2014இல் வந்தது. நாமே இயக்காதவரை அது உறங்கும். சரிபாராத மறைகுறியாக்கம், பெறுபவர் யாரெனக் கேளாமல் உறையை ஒட்டிக் கொடுப்பதே. உங்கள் துறைச் சேவையகத்தில் அது விழித்திருக்கிறதா?