துளை பெருத்த கிற்றார்

பழைய கிற்றார் ஒன்று கையில் கிடைத்தால் எல்லாருக்கும் முதலில் வாற யோசனை, "இதை எப்பிடிப் பழையபடி ஆக்குறது?" என்பதுதான். ஆனால் "பழையபடி" என்றால் எந்த நாள்? தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட நாளா, இல்லை ஒரு பெரிய கலைஞன் அதை மடியில் வைத்து வாசித்த நாளா? இடையில் யாரோ அதை வெட்டி, சுரண்டி, பாகங்களை மாற்றியிருந்தால் அந்த வேலையெல்லாம் பிழையா, வரலாறா? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு பார்க்க ஒரு நல்ல கிற்றார் இருக்கு. அதன் தொடர் இலக்கம் 58957.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்ற சிறிய ஊரில் மார்ட்டின் கம்பனி செய்த கிற்றார் இது. ஜேர்மனியில் இருந்து குடிபெயர்ந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833 இல் நியூயோர்க்கில் தொடங்கிய தொழில், சில ஆண்டுகளில் நாசரேத்துக்கு மாறியது. இந்தக் கம்பனி ஒரு நல்ல பழக்கத்தை வைத்திருந்தது. 1898 இல் 8000 என்ற எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு கிற்றாருக்கும் ஒரு இலக்கம் குத்தியது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில், உள்ளே இருக்கிற மரக்கட்டையில் அது இருக்கும். 1930 இன் கடைசியில் இருந்து மாதிரியின் பெயரையும் சேர்த்துக் குத்தினார்கள். 1934 ஆம் ஆண்டின் கடைசி இலக்கம் 58679. 1935 இன் கடைசி 61947. ஆகவே 58957 என்றால் 1935 இன் தொடக்கம். வெளியில் எதை மாற்றினாலும் உள்ளே இருக்கிற இந்தக் கட்டை பேசாமல் சாட்சி சொல்லும்.

அதன் மாதிரி டி-28. டி என்பது டிரெட்நோட். 1906 இல் பிரித்தானியர் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயரை இந்தப் பெருத்த உடம்புக் கிற்றாருக்கு வைத்தார்கள். மேற்பலகை ஸ்புரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வூட், ஓரத்தில் மீன்முள் மாதிரி ஒரு அலங்காரக் கரை. உள்ளே மேற்பலகையைத் தாங்குகிற சட்டங்கள் எக்ஸ் வடிவில் குறுக்கே போகும். அந்தச் சட்டங்களை இடையிடையே குழிவாகச் செதுக்கி மெல்லிதாக்கியிருப்பார்கள். பலகை சுதந்திரமாக அதிர்கிறது அதனால்தான். ஆட்கள் தடித்த கம்பிகளைப் பூட்டத் தொடங்கியதும் பலகைகள் வீங்கின. 1944 இல் கம்பனி அந்தச் செதுக்கலை நிறுத்தியது. போருக்கு முந்திய டி-28 களுக்கு இண்டைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் 58957 ஐ வெளியில் பார்த்தால் மார்ட்டின் என்று சொல்லவே யோசிப்பீர்கள். வழமையாக ஏறக்குறைய 4 அங்குலம் இருக்க வேண்டிய ஒலித்துளையை யாரோ சுரண்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். விரல்பலகையும் மார்ட்டினுடையது இல்லை. ஓரம் கட்டின, இடம் காட்டும் புள்ளிகள் இல்லாத வேறொரு பலகை அதில் ஒட்டியிருந்தது.

இந்த நிலையில்தான் கலிபோர்னியாவில் வளர்ந்த கிளாரன்ஸ் வைட் என்ற பதின்ம வயதுப் பையன், சாண்டா மொனிக்காவில் இருந்த மக்கேப்ஸ் என்ற கிற்றார் கடையில் அதை வாங்கினான். அந்த நாளில் அது ஒரு அடிபட்ட பழைய கிற்றார், அவ்வளவுதான். புளூகிராஸ் இசையில் அதுவரைக்கும் கிற்றாருக்குப் பின்னால் நின்று தாளம் போடுகிற வேலைதான் பெரும்பாலும் கிடைத்தது. முன்னுக்கு வந்து மெட்டு வாசிப்பது பிடிலும் பான்ஜோவும் மண்டலினும். வைட் கிற்றாரையும் அந்த வரிசைக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். கென்டக்கி கேர்னல்ஸ் குழுவோடு 1964 இல் வெளிவந்த "அப்பலாச்சியன் ஸ்விங்" இசைத்தட்டைக் கேட்டால் விளங்கும். பிறகு மின் கிற்றாருக்கு மாறி, 1968 இல் பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்தார். அதுக்கு முதலே பழைய மார்ட்டின் ஒரு நண்பரிடம் கைமாறிவிட்டது. 1973 யூலையில், குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் வாகனம் மோதி வைட் இறந்தார். வயது 29.

இங்கே ரோனி ரைஸ் வருகிறார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஒன்பது வயதில், வைட்டை நேரில் கண்டு, அவரிடம் கேட்டு இதே கிற்றாரை வாங்கி வாசித்துப் பார்த்தவர். 1975 இல் அது எங்கே இருக்கு என்று விசாரித்துப் பிடித்து, 550 டொலருக்கு வாங்கினார். கவனியுங்கோ: 1935 இல் செய்த டி-28 கள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இதை மற்றவற்றில் இருந்து பிரித்துக் காட்டினது அந்தப் பெருத்த துளையும் புள்ளி இல்லாத பலகையும்தான். கிற்றாரைக் கெடுத்தது என்று சொல்லக்கூடிய வேலையே அதன் அடையாள அட்டையாகிவிட்டது.

துளை பெருத்தால் சத்தத்துக்கு என்ன நடக்கும்? கிற்றாரின் உடம்புக்குள் இருக்கிற காற்று, போத்தல் வாயில் ஊதினால் வாற சத்தம் மாதிரி, தனக்கென்று ஒரு சுருதியில் அதிரும். வாய் பெரிதானால் அந்தச் சுருதி ஏறும். டிரெட்நோட்டின் அடித்தொனி அதிர்வு வழமையாகவே கொஞ்சம் கனம். பாட்டுக்குத் தாளம் போட அது நல்லது, ஒலிவாங்கிக்கு முன்னால் தனி மெட்டு வாசிக்க அது இடைஞ்சல். துளை பெருத்ததால் அந்தக் கனம் குறைந்து ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்டது. ரைஸின் "மன்சனீட்டா" (1979) இசைத்தட்டில் அந்தத் தெளிவு இருக்கு. பிறகு கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கிற்றார் கம்பனி ரைஸின் பெயரில் ஒரு மாதிரி செய்தபோது துளையைப் பெரிதாகவே வைத்தது. மார்ட்டின் கம்பனியே பின்னர் பெரிய துளையோடு மாதிரிகளை வெளியிட்டது. யாரோ ஒருவர் செய்த சுரண்டல் தொழிற்சாலை வரைபடத்துக்குள் போய்ச் சேர்ந்தது!

1993 இல் புளோரிடாவில் ரைஸின் வீட்டுக்குள் புயல் வெள்ளம் புகுந்தது. கிற்றாரும் அதில் அகப்பட்டது. அந்தக் காலத்து மார்ட்டின்களை விலங்குத் தோலில் இருந்து காய்ச்சின பசையால்தான் ஒட்டினார்கள். ஈரமும் வெப்பமும் பட்டால் அது இளகும். வெள்ளத்தில் அது ஆபத்து. ஆனால் திருத்துகிறவருக்கு அதுதான் வரம்: மூட்டை உடைக்காமல் நீராவி காட்டிக் கழற்றலாம், திரும்ப ஒட்டலாம். கிற்றார் திருத்தப்பட்டு மறுபடியும் ரைஸின் கைக்கு வந்தது. 2020 டிசம்பர் 25 இல் அவர் இறக்கும்வரை அது அவருடைய கிற்றார்தான். துளையை யாரும் பழைய அளவுக்குச் சிறிதாக்கவில்லை.

அப்படி என்றால் மாற்றங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா? இல்லை. 1920 களிலும் 30 களிலும் ஹவாய் இசை அமெரிக்காவில் பைத்தியமாகப் பரவியது. மடியில் படுக்க வைத்து உருக்குத் துண்டால் வாசிக்கிறதுக்கென்றே, கம்பிகள் உயர்ந்து நிற்கிற கிற்றார்களை மார்ட்டின் செய்தது. அந்த அலை ஓய்ந்த பிறகு அவற்றில் பலவற்றின் கழுத்தைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, சாதாரணமாக விரல் அழுத்தி வாசிக்கக்கூடியதாக மாற்றினார்கள். செய்யாவிட்டால் அவை அலுமாரிக்கு மேலேயே கிடந்திருக்கும். வெடித்த பலகையின் உள்பக்கம் சிறு மரத்துண்டு ஒட்டுவது, தேய்ந்த ஃப்ரெட் கம்பிகளை மாற்றுவது எல்லாம் கிற்றாரை உயிரோடு வைத்திருக்கிற வேலை. பழைய பூச்சைச் சுரண்டிப் புதுசு மாதிரிப் பளபளக்க வைப்பது வேறு வேலை. அது எண்பது வருசக் கைரேகையை அழிக்கும், மதிப்பையும் விழுத்தும்.

மரத்துக்கும் கைரேகை உண்டு. 1963 இல் காணாமல்போன ஜோன் லெனனின் கிப்சன் கிற்றார், பிறகு கலிபோர்னியாவில் ஒருவர் 175 டொலருக்கு வாங்கி வைத்திருந்த பழைய கிற்றார்தான் என்று உறுதியானது, பழைய படங்களில் தெரிந்த மர வரியையும் அந்தக் கிற்றாரின் மர வரியையும் பொருத்திப் பார்த்துத்தான். 2015 இல் அது 24 லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அந்த மேற்பலகையை யாராவது நல்லெண்ணத்தில் மாற்றியிருந்தால்?

எனவே வீட்டிலோ தேவாலயத்திலோ ஒரு பழைய கிற்றார் கிடந்தால், உப்புத்தாளை எடுக்க முதல் கைபேசி வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பாருங்கோ. உள்ளே இருக்கிற இலக்கம், முத்திரை, சட்டங்கள், பழைய ஒட்டு, முந்தித் திருத்தினவர் விட்ட அடையாளம் எல்லாத்தையும் படம் எடுங்கோ. வாசிக்க முடியாமல் தடுக்கிறதை மட்டும் திருத்துங்கோ. அதையும் திரும்பக் கழற்றக்கூடிய விதமாகச் செய்யுங்கோ. மிச்சக் கீறல்கள் யாரோ வாசித்ததால் வந்தவை. அவற்றை அழிக்க எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.