வானத்துக் குடவோலை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதலாகாது என்று 921-ஆம் ஆண்டிலேயே கறாராக வகுத்து வைத்த ஊர் அது.

வானத்திலும் அப்படி ஓர் ஏடு உண்டு. புதிய சிறு கோளைக் கண்டவர் பெயர் அதில் ஏறும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாராய்ச்சி நிலையத்திலிருந்து அந்த ஏட்டில் ஏறியவர் நார்மன் போக்சன். 1861-ல் அவர் கண்டதற்கு, ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறு கோள் என்பதால், ‘ஏஷியா’ என்றே பெயர். 1868 நவம்பரில் கண்டது ‘காமில்லா’. சிறு கோள் மண்டலத்தின் வெளி ஓரத்தில், ஆறரை ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றிவரும் கரிமக் கல் அது. தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் அந்தக் கரிய உருவத்தை எப்படிப் பிடிப்பது? இரவுக்கு இரவு வானப் படத்தோடு ஒப்பிட்டு, இடம் மாறிய புள்ளியைத் தேட வேண்டும்.

அதே நிலையத்தில் உதவியாளராக உழைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்ட பெருமை அவருடையது. ஆனால் சிறு கோள்களின் ஏட்டில் அவர் பெயர் இல்லை.

போக்சன் கடைசியாகச் சிறு கோள் கண்டது 1885-ல். பிறகு நூறாண்டுக்கு மேல் மௌனம். 1988-ல் காவலூரில் ராஜமோகன் ஒன்றைக் கண்டார். அதற்கு ‘ராமானுஜன்’ என்று பெயரிட்டார்கள். வானத்துக் குடத்திலிருந்து நம் ஓலையும் ஒருநாள் வெளிவந்தது!