பழவேற்காட்டின் பாடும் அரபகத்தின் ஹிமாவும்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் திருத்தணி மலை. கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாற்றையும், அதற்காக ம.பொ. சிவஞானம் நடத்திய எல்லைப் போராட்டத்தையும் பலரும் அறிவர். மலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஏரியைப் பற்றி எவரும் பேசவில்லை. மாநில எல்லை அதையும் கூறிட்டது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி மட்டும் தமிழகத்திலும் அமைந்தன. ஆந்திரம் தன் பகுதியை 1976இலும், தமிழகம் 153.67 சதுர கிலோமீட்டரை 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஒரே பூநாரைக் கூட்டம் இரு அரசாணைகளின்கீழ் இரை தேடுகிறது!

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிக்காவுக்கு அடுத்த பெருமை இதற்குண்டு. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் புகும். இவ்விரு நீரின் கலப்பிலேதான் இறாலும் மீனும் செழிக்கின்றன. பழைய வேர்க்காடு என்பதே இவ்வூர்ப்பெயர் என்று அலையாத்தி மரங்களை நினைத்துப் பொருள் கொள்வோரும் உளர். அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் முஸ்லிம்கள் இங்கே நெடுங்காலமாக வாழ்கின்றனர். டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசும். நாம் பார்க்க வேண்டியது கோட்டையை அல்ல, ஏரிக்குள் நடக்கும் ஓர் ஏற்பாட்டை.

அதன் பெயர் பாடு. ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டிய வளமான நீர்ப்பரப்பைப் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. இன்ன ஊரார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கின்றனர். ஊருக்குள் இடம் ஒதுக்கச் சீட்டுக் குலுக்குவதும் உண்டு. நல்ல இடம் இன்று ஒருவருக்கு வாய்த்தால் நாளை மற்றொருவருக்கு வாய்க்கும். வலையின் வகைக்கும் கட்டுப்பாடு உண்டு. மீறுபவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் விதிக்கும். ஏரியை வெறுமையாக்கும் போட்டியை வனத்துறை பிறப்பதற்கு முன்பே இம்மக்கள் தடுத்திருந்தனர்.

அரபு படித்தவனுக்கு இங்கே ‘ஹிமா’ நினைவுக்கு வராமல் போகாது. ஹிமா என்றால் காக்கப்பட்ட நிலம். அறியாமைக் காலத்துத் தலைவன் ஒருவன் மேட்டில் ஏறித் தன் நாயைக் குரைக்கச் செய்வான். அவ்வொலி எட்டும் தொலைவெல்லாம் அவனுக்கே உரிய மேய்ச்சல் நிலமாகிவிடும் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விளக்குகிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) இத்தனியுரிமையை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே உரியது, அதாவது பொதுநலனுக்கே உரியது என்றானது. மதீனாவை அடுத்த நகீஉ என்னுமிடம் அவ்வாறே காக்கப்பட்டது. பின்னர் கலீஃபா உமர் (ரலி), ஹிமாவின் காவலராக ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது, சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், உஸ்மான் (ரலி), இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தடுக்குமாறும் கட்டளையிட்டதாக புகாரியில் காண்கிறோம். மந்தை அழிந்தாலும் செல்வர்க்குப் பேரீச்சந்தோப்பு இருக்கிறது. ஏழைக்கு வேறு எதுவுமில்லை என்பது அவர்கள் கூறிய காரணம்.

இந்த அளவுகோலால் பார்த்தால் பாட்டிலும் குறையுண்டு. அது ஒரு சமூகத்தின் உரிமை. கையால் தடவி இறால் பிடிப்போர்க்கும், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு ஏரிக்கரையில் குடியேறியோர்க்கும் அதில் இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. சச்சரவுகளும் நேர்ந்தன. ஆகவே பாட்டைப் புனிதமாக்கிப் பேசும் சூழலியலாளரோடு நான் முழுதும் உடன்படவில்லை. ஆயினும் அதில் பங்கு பெற்றவர் அனைவரும் ஏரியை நம்பி வாழ்பவர்.

உஸ்மான் (ரலி) அவர்களின் மந்தைக்கு நிகரான கேள்வி பின்னர் வேறு திசையிலிருந்து வந்தது. 2018இல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் அது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கட்டும் தடுப்பு அதை மறித்தால் வடகரை அரிபடும். அந்த வடகரையில்தான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள குறுகிய மணல்திட்டு இருக்கிறது. மீனவ ஊர்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.