நாலாவது கால்வாய்

ஆபீஸில் ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. நடுவில் ஊருக்குப் போனேன், அங்கே பல்லையே பிடுங்கப் பார்த்தார்கள். அந்தக் கதையும், அதைச் சாக்காக வைத்துத் தேடிப் படித்த கொஞ்சம் சரித்திரமும்தான் இன்றைக்கு.

நமக்குப் பூர்வீகம் அந்தமான். சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஹேடோவில் வீடு. அந்தப் பக்கம் சாத்தம் தீவு, அதில் 1883-ல் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த மர மில். அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். இந்தத் தடவை மான்ட்ரியலில் இருந்து போய் இறங்கிய ரெண்டாம் நாள் ராத்திரியே, வலதுபக்க மேல் கடைவாய்ப்பல் வேலையைக் காட்டிவிட்டது.

அது ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல். போன விடுமுறையில், திரும்புகிற டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பத்தே நாளில் அவசரமாக முடித்தது. (நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே?) "நரம்பையே எடுத்தாச்சுங்கறே, அப்புறம் எப்படிடா வலிக்கும்?" என்றாள் அம்மா. அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "பிடுங்கிப் போடு. எனக்கெல்லாம் அப்படித்தான் போச்சு." சொன்னவர் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்தால், அது நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

1838-ல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், கடிகார ஸ்பிரிங்கை ராவி, பல்லின் வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்ய ஒரு கருவி செய்தார். சுத்தம் செய்த ஓட்டையை அடைக்க 1867-ல் இன்னொரு அமெரிக்கரான போமன் பயன்படுத்தியது கட்டாபெர்ச்சா. மலேயாக் காட்டு மரத்தின் பால் அது. நம்ம இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் அந்த மரத்துக்குப் பங்காளிகள். 1870-ல் மதராஸிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் அதே பால்தான் உறை. இன்றைக்கும் பெரும்பாலும் நம் பல்வேருக்குள் அடைப்பது அதைத்தான்.

அப்புறம்தான் வினை. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர், நான் இப்போது குடியிருக்கும் இதே மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். சொத்தைப் பல்லின்மேல் தங்கத்தைப் போட்டு மூடி, உள்ளே சீழை வளர்க்கிறார்கள், அதுதான் உடம்பெல்லாம் பரவி நோயாகிறது என்று சாடினார். 1920-களில் வெஸ்டன் பிரைஸ், ரூட் கெனால் செய்த பற்களைப் பிடுங்கி முயல்களின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்து, அந்தப் பேச்சுக்கு 'ஆதாரம்' கொடுத்தார். எக்ஸ்ரேயும் அதற்குள் வந்துவிட்டது. வேர் நுனியில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் பிடுங்கு, மூட்டு வலித்தாலும் பிடுங்கு என்று லட்சக்கணக்கான பற்கள் போயின.

பிரைஸின் சோதனைகளை மற்றவர்கள் ஒழுங்கான ஒப்பீட்டோடு செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் வரவில்லை. ஆனாலும் 'ரூட் கெனால் செய்தால் கேன்சர்' என்று வாட்சப்பில் இன்றைக்கும் வருகிறதே, அதன் பாட்டன் இந்த முயல் கதைதான்.

உண்மையான பதில் ரெண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, 1917-ல் சூரிச்சின் வால்டர் ஹெஸ். ஆயிரக்கணக்கான பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பல்லைக் கரைத்துவிட்டு, உள்ளே இருந்த வடிவத்தை வெளியே எடுத்துக் காட்டினார். ஒரு வேருக்கு ஒரு குழாய் என்று நினைத்த இடத்தில், கிளையும் பின்னலுமாக ஆலமர வேர் மாதிரி இருந்தது! இரண்டாவது, 1965-ல் ககேஹாஷி குழு. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்து விட்டார்கள். உள்ளே உணவு போய் அடைத்தும் பல் அழுகவில்லை, தானே ஆறத் தொடங்கியது. சாதாரண எலிகளுக்கோ பல்கூழ் செத்துச் சீழ் பிடித்தது. ஆக, குற்றவாளி கிருமி. அது ஒளிந்துகொள்ளும் இடம், நாம் சுத்தம் செய்யாமல் விட்ட கிளை. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று கால்வாய் என்பது பழைய கணக்கு. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நாலாவது ஒன்று, மயிரிழை மாதிரி, இருக்கிறது.

எனக்கும் அதேதான். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பார்த்த டாக்டரம்மா, கண்ணாடிப் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். ஒன்றில் மட்டும் உயிர் போனது. "பிடுங்க வேண்டாம், அங்கே போய் ஸ்பெஷலிஸ்டிடம் காட்டுங்க" என்றார். மான்ட்ரியலில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்துத் திறந்து, நாலாவதைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தார்கள். பல் தப்பியது. முதலில் செய்தவரை நான் குறை சொல்லவில்லை. பத்து நாள் கெடு வைத்தது நான்தானே!

ஆனால் திரும்ப வரும் வலி எல்லாமே நாலாவது கால்வாய் இல்லை. கேப் போடத் தாமதமாகிக் கிருமி மறுபடி கசிந்திருக்கலாம், வேரில் விரிசல் இருக்கலாம். பல்லே காரணமில்லாமலும் இருக்கலாம். 2010-ல் நிக்ஸ்டார்ஃப் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆறு மாதம் கழித்தும் வலி இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர். அதில் பாதி அளவுக்குக் காரணம் தாடைத் தசை, நரம்பு போன்ற வேறு ஏதோ. அவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் பல் போகும், வலி போகாது.

போனில் இதையெல்லாம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மில்லில் படாக் கட்டையைத் தட்டிப் பார்ப்போம். உள்ளே பொக்குன்னா சத்தம் சொல்லிடும். ஒரு இடம் பொக்குன்னு முழுக் கட்டையையும் தூக்கி எறிஞ்சதில்லை" என்றார். மறுபடி மௌனம். "என் பல்லை யாரும் தட்டிப் பாக்கலையேடா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டிஸ்கி: அடியேன் பல் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். ரூட் கெனால் முடிந்து சில நாள் லேசான வலி சகஜம். வாரங்கள் தாண்டினால் போய்க் காட்டுங்கள். வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஓடுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.