முதிய முன்னாள் படைவீரர் நலன் (மதுரை வட்டாரம்)

முப்படைகளில் சேவை புரிந்து ஓய்ந்த முதியோருக்கு அரசு அளிக்கும் ஜீவனோபாய உதவிகளும் வைத்திய வசதிகளும் இத்தலைப்பில் அடங்கும். உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் முதலிய தாலுகாக்களில், வானம் பார்த்த பூமியை நம்பாமல் பட்டாளத்தில் சேர்ந்து, ஊர் திரும்பிய பின்னும் ‘மிலிட்டரிக்காரர்’ என்றே அழைக்கப்படும் பெரியவர்களுக்கு, இவ்வுதவிகளின் வாயிலாக அமைந்திருப்பது மதுரையிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். முதல் உலகப் போர் ஓய்ந்தபின் 1919இல் பிரிட்டிஷ் சர்க்கார் நிறுவிய வாரியமே, 1975 முதல் கேந்திரிய சைனிக் வாரியம் என்னும் பெயருடன் டில்லியில் இயங்கி, மாவட்ட அலுவலகங்கள் மூலம் மனுக்களைப் பெறுகிறது.

இவ்வேற்பாடுகள் யாவும் ஒரு கோட்டின் இருபுறமாகப் பிரிந்து நிற்கின்றன, அக்கோடு ஓய்வூதியம். சிப்பாயாகச் சேர்ந்து 15 ஆண்டு சேவையை நிறைவு செய்தவருக்கு ஆயுள் முழுதும் ஓய்வூதியம் உண்டு; 80 வயதில் அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50 என ஏறி, நூறு வயதில் அது இருமடங்காகிறது. ஒரே பதவியில் சம காலம் பணியாற்றியவர்கள் எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருப்பினும் சமமான தொகை பெறவேண்டும் என்ற நீண்டநாள் கோரிக்கை, 1-7-2014 முதல் அமலுக்கு வந்தது. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அளித்தல் கட்டாயம்; விரல்ரேகை தேய்ந்துபோன முதியவருக்கு இச்சிறு சடங்கே பெரும் சிரமமாகிவிடுகிறது.

ஓய்வூதியம் பெறுவோரின் வைத்தியத்திற்காக 1-4-2003இல் தொடங்கப்பெற்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தை எல்லோரும் ‘இ.சி.எச்.எஸ்.’ என்றே சொல்வர். ஒருமுறை சந்தா செலுத்தினால் தம்பதியர் இருவருக்கும் ஆயுள் முழுதும் சிகிச்சை; 1996க்கு முன் ஓய்வு பெற்றோருக்கு அச்சந்தாவும் இல்லை. மதுரையில் இதற்கெனப் பாலிகிளினிக் உண்டு. அங்கு மருந்து கிடைப்பதுடன், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்புச் சீட்டும் தரப்படுகிறது.

கோட்டிற்கு அப்பால் நிற்பவர் நிலை வேறு. உடல் நலிவாலோ குடும்ப நிர்ப்பந்தத்தாலோ சில ஆண்டுகளிலேயே விடைபெற்று வந்தவருக்குப் பொதுவாக ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. ஹவில்தாரும் அதற்குக் கீழ்ப்பட்ட பதவியினருமான இத்தகையோர் வறுமையுற்று 65 வயதைக் கடந்திருப்பின், சைனிக் வாரியம் மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. 4,000 ரூபாயாக இருந்த அது 2025 நவம்பர் முதல் 8,000 ஆயிற்று. அதிகத் தேவையுள்ளவருக்குக் குறைந்த உதவி என்னும் இவ்விபரீதம், தொகை இரட்டித்த பின்னும் தீர்ந்துவிடவில்லை. மலேயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழரோ இக்கணக்கிலேயே சேரார். அவர்களுக்குரியது 1972இல் தோன்றிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம்.

பணமும் மருந்தும் ஒருவாறு கிட்டினும், படுக்கையில் விழுந்தவரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டாரிடமே விடப்பட்டிருக்கிறது. முதுகெலும்பு முறிந்து முடங்கியோருக்கான மறுவாழ்வு நிலையங்கள் புனே அருகே கிர்க்கியிலும் பஞ்சாபில் மொகாலியிலும் இருக்கின்றன. பேரையூரிலிருந்து அவை எட்டாத தொலைவு. பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து ஜீவனாம்சம் கோரலாம். படைவீரர் என்பதற்காக அன்று, முதியவர் என்பதற்காக.

கணவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டெனினும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயருமாக இருப்பதால் அது மாதக்கணக்கில் தடைபடுவதுண்டு. ஆகவே மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணையில் செவ்வனே பதிவாகியுள்ளனவா என்பதைக் கணவர் உயிருடன் இருக்கும்போதே பார்த்து, பிழையிருப்பின் மாவட்ட அலுவலகத்தின் வாயிலாக, மதராஸ் ரெஜிமெண்டினர் வெலிங்டனிலுள்ள ஆவண அலுவலகத்திற்கும் ஏனையோர் தத்தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கும் எழுதித் திருத்திக்கொள்ள வேண்டும்.